அறுபதுக்குப் பிறகும் வேலை: அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு வேறொன்று

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெற்றோரை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: “அப்பாவுக்கு 67 வயது. மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் இன்னமும் குறுவையும் சம்பாவும் செய்கிறார். அம்மாவுக்கு 62. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறார். நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும் போகிறார். மாதம் எட்டாயிரம் அனுப்புகிறேன், இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றால் கேட்பதில்லை. வயதான காலத்தில் உழைப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லதா, கெட்டதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடு உண்டா?”

வேறுபாடு உண்டு, ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இல்லை. ஆண் உடம்பு தாங்கும், பெண் உடம்பு தாங்காது என்ற கணக்குக்கு இதில் சிறிய பங்கே இருக்கிறது. உங்கள் அப்பா வேலையை விட்டால் அவருடைய நாளில் இருக்கும் வேலை முழுவதும் போய்விடும். உங்கள் அம்மா வேலையை விட்டால் கூலி வருகிற வேலை மட்டும் போகும். கூலி வராத வேலை அப்படியே இருக்கும், பல வீடுகளில் கூடவும் செய்யும். ‘வேலையை விடுதல்’ என்று இருவருக்கும் ஒரே சொல்லைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். காதில் விழும்போது அது இரண்டு வேறு செய்திகளாகிவிடுகிறது.

2017-18-இல் நாடு முழுவதும் 45 வயதைக் கடந்த ஏறத்தாழ 72,000 பேரிடம் நடத்தப்பட்ட முதுமை குறித்த பெரும் ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 51 விழுக்காட்டினரும் பெண்களில் 22 விழுக்காட்டினரும் வேலை செய்துகொண்டிருப்பதாகத் தெரியவந்தது. இதைப் படிப்பவர்கள், மீதிப் பெண்கள் எல்லாம் ஓய்வில் இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அதன்படி ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிறார்கள். ஈடுபடும் பெண் ஒருவர் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் 26 விழுக்காட்டினரே வீட்டுவேலையைத் தொடுகிறார்கள். அவர்களுடைய சராசரி 97 நிமிடம். திருபுவனத்தில் பட்டுத் தறி ஓடும் வீட்டில் எழுபது வயது மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பார். கணக்கெடுக்க வருபவரிடம் வீட்டார், “அப்பாயி சும்மாதான் இருக்கு” என்பார்கள். அந்தச் ‘சும்மா’ இல்லாவிட்டால் தறியில் இருப்பவருக்கு ஊடை கிடைக்காது.

வேலை போனால் மனிதருக்கு என்ன ஆகிறது என்பதை முதன்முதலில் அக்கறையோடு பார்த்தவர்களில் சமூக உளவியலாளர் மாரி யகோடாவும் அவருடைய கூட்டாளிகளும் முக்கியமானவர்கள். ஆஸ்திரியாவில் மாரியந்தால் என்ற சிற்றூரின் ஆலை மூடப்பட்டபின், 1930-களின் தொடக்கத்தில் அந்த ஊரிலேயே தங்கி ஆராய்ந்தார்கள். அவர்கள் செய்த எளிய காரியம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகவும் நிற்காமலும் போனார்கள். ஆலை மூடியது இருவருக்குந்தான். பெண்களுக்கு ஊதியம் போயிற்று, வேலை போகவில்லை. சம்பளம் தவிர வேலை நமக்குத் தருபவை என்று யகோடா பின்னாளில் ஐந்தைச் சொன்னார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலர் சேர்ந்து செய்யும் ஒரு நோக்கத்தில் பங்கு, ஊரில் ஓர் இடம், கை கால்களுக்கு வேலை. இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. இத்துறையின் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். பிரான்சில் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் 14,714 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் தம் உடல்நலம் சரியில்லை என்றவர்கள் 19.2 விழுக்காடாக இருந்து, ஓய்வுக்கு அடுத்த ஆண்டில் 14.3 விழுக்காடாகக் குறைந்தார்கள். பணிச்சூழல் மோசமாக இருந்தவர்களுக்கே இந்த நன்மை கூடுதலாகக் கிடைத்தது. மறுபுறம், அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றையும் ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ரோவெடர், வில்லிஸ் ஆகியோரின் ஆய்வு, முன்கூட்டியே ஓய்வு பெறுவது அறுபதுகளின் தொடக்கத்தில் நினைவாற்றலைக் குறைக்கிறது என்றது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கசக்கிப் பிழியும் வேலையிலிருந்து விடுபட்டால் உடம்பு தேறும். மூளைக்குத் தீனி போடும் வேலை நின்றால் மூளை சோம்பும். ஆனால் பிரெஞ்சு ஆய்வில் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். எல்லோருக்கும் உறுதியான ஓய்வூதியம் இருந்தது. ஓய்வூதியம் இல்லாத, பெரும்பாலும் பெண்கள் கூலிக்குப் போகும் நம் வயல்வெளிக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை செய்யும் கிழவர்கள் திடமாக இருப்பதைப் பார்த்து, வேலைதான் அவர்களைத் திடமாக வைத்திருக்கிறது என்று ஊரில் சொல்வோம். திடமாக இருப்பவர்தான் வேலைக்குப் போக முடிகிறது என்பதும் அதே அளவு உண்மை. முடியாமல் போனவர் கண்ணில் படாமல் உள்ளறையில் படுத்திருக்கிறார். வயல் வரப்பில் நிற்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வேலை ஆயுளைக் கூட்டும் என்று முடிவு கட்டுவது தவறு.

இப்போது உங்கள் அப்பா. அரசு ஊழியருக்கு ஓய்வு ஓர் ஆணையாக வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அந்த வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. குத்தகை விவசாயிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அவருடைய ஆண்டைத் திறந்து மூடுவது மேட்டூர் அணை. ஜூன் 12-இல் தண்ணீர் விடுவார்களா, கடைமடைக்கு எப்போது வரும், முறைப்பாசனம் வைப்பார்களா என்ற கேள்விகள் அவருடைய மூளையை ஆண்டு முழுவதும் ஓடவைத்துக்கொண்டிருக்கின்றன. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நான் அறிந்த ஒரு பெரியவர், மகனிடம் சாகுபடியை ஒப்படைத்த பிறகும் விடிகாலை ஐந்து மணிக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மடையைத் திறக்கும் வேலையும் அடைக்கும் வேலையும் மகனுடையது. இவர் வரப்பில் நின்று, தண்ணீர் எந்த வயலில் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரு கொத்து மண்ணை வெட்டி நண்டு வளையை அடைத்துவிட்டு, ஏழு மணிக்கு டீக்கடைக்கு வருவார். அங்கே, “மேலமடையில தண்ணி ஏறல” என்று சொல்வதற்கு அவரிடம் ஒரு செய்தி இருக்கும். மகன் போர்செட்டுக்குத் தானியங்கி சுவிட்ச் வைத்து, “இனிமே நீங்க வர வேணாம்பா” என்றான். அடுத்த ஆறு மாதத்தில் பெரியவர் டீக்கடைக்கு வருவதும் நின்றது. அவருக்கு நோய் ஏதும் இல்லை. சொல்லிக்கொள்ளச் செய்தி இல்லை, அவ்வளவுதான்.

டெல்டாவின் ஆண்கள் பலருக்கு வேலைக்கு வெளியே நட்பு மிகக் குறைவு. பேச்சு முழுவதும் உரவிலை, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பிடித்த கதை, ஆள் கிடைக்காத கதை என்று வேலையைச் சுற்றியே இருக்கும். வேலை போனால் பேச்சும் போகிறது. வீட்டுக்குள் இருக்கவும் அவர்களுக்குப் பழக்கமில்லை. பகல் முழுக்க வீட்டில் இருக்கும் கணவர் மனைவிக்குக் கூடுதல் வேலை என்பதைப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பத்து மணிக்கு ஒரு டீ, பதினொன்றுக்கு ஒரு கேள்வி.

உங்கள் அப்பா மறுப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும்; அதை அவர் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க மாட்டார். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், நிலத்தில் தன் உடலுழைப்பையோ குடும்பத்தாரின் உடலுழைப்பையோ இடுபவரைத்தான் சாகுபடிக் குத்தகைதாரராக ஏற்கிறது. நீங்கள் திருப்பூரில் இருக்கும்போது அவர் வயலை விட்டு ஏறினால், அந்த மூன்று ஏக்கரின் மேல் குடும்பத்துக்கு உள்ள பிடி தளரும் என்று அவர் அஞ்சலாம். நீங்கள் இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் உங்களுக்காகக் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அம்மாவின் கதைக்கு வருவோம். நடவுக் கூட்டத்தை ஒரு நாளாவது அருகிலிருந்து பார்த்தவருக்கு அது வெறும் கூலிவேலையாகத் தெரியாது. தூக்குச்சட்டியை வரப்பில் வைத்துவிட்டு வரிசையாக இறங்குவார்கள். வயதான பெண்ணுக்கு வரப்போரத்து ஓரத்தை விட்டுக்கொடுப்பார்கள். அங்கே ஏறி இறங்குவது எளிது. அவர் பின்தங்கினால் பக்கத்தில் நிற்பவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு குத்து சேர்த்து நட்டு வரிசையை நேராக்கிவிடுவாள். மருமகள் பேச்சு, மகன் குடிப்பது, முழங்காலுக்கு எந்த எண்ணெய் கேட்கிறது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் அந்தச் சேற்றில்தான் பேசித் தீர்க்கப்படுகிறது. வீட்டில் வாய் திறக்காத பெண்கள் வயலில் வாய் ஓயாமல் பேசுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யகோடா சொன்ன ஐந்தில் வெளியார் பழக்கம் என்பது உங்கள் அம்மாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது காசு. சாயங்காலம் அவர் சுருக்குப்பையில் விழும் கூலியை எவரிடமும் கணக்குச் சொல்லாமல் செலவு செய்யலாம். பேத்திக்கு வளையல், கோயிலுக்கு எண்ணெய், தங்கை வீட்டுக்குப் பஸ் காசு, கடைசியில் தனக்கு ஒரு வெற்றிலைப் பொட்டலம். நீங்கள் அனுப்பும் எட்டாயிரம் எவர் வங்கிக் கணக்கில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் கணக்கில் என்றால், அம்மா வேலையை விட்ட மறுநாளிலிருந்து ஐம்பது ரூபாய்க்கும் அவர் கேட்டு வாங்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் தன் கையால் சம்பாதித்தவருக்கு இது சிறிய இறக்கம் ஆகாது. நம் நாட்டில் அறுபதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சொந்தக் கூலி என்பது மகன் வீட்டில் மரியாதையோடு சாப்பிடுவதற்கான விலை. அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. கைச்செலவுக்கு உதவும், தனியாக வாழப் போதாது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அது தொடங்கிய ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அதில் மேல்வயது வரம்பு வைக்கப்படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் இருந்தது. தமிழ்நாட்டில் மொத்த வேலைநாட்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்கள் வேலை செய்தவையாக இருந்தன. வேலை நடப்பதில்லை, மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று மிராசுதார்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருந்தாலும், அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நடந்து போக ஓர் இடமும், உட்கார ஒரு நிழலும், பேச ஆளும், கணக்கில் விழும் கூலியும் ஒருங்கே கிடைத்த திட்டம் வேறொன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நடவுவேலை மூட்டுகளுக்கு என்ன செய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி விரைந்து குறைகிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானமும் ஐம்பதுக்கு மேல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நாள் முழுதும் இடுப்பை வளைத்துச் சேற்றில் காலை இழுத்து இழுத்து நகர்வது இவ்விரண்டையும் மோசமாக்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால், சேற்றில் நத்தை ஓடு கிழித்தது கூடத் தெரியாது. சேற்றுப்புண் என்று மஞ்சளைப் பூசிக்கொண்டிருப்பார்கள், உள்ளே புண் புரையோடிக்கொண்டிருக்கும். எலிக்காய்ச்சலும் வயல் தண்ணீர் வழியாக வருவதுதான். வயதானால் தாகம் குறைவாகத் தெரியும், வியர்வையும் குறையும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் சித்திரை வெயிலில் சுருண்டு விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது; ஆனால் அதைக் கொண்டுவரும் பணியாளர்கள் வரும் நேரத்தில் உங்கள் அம்மா வயலில் இருப்பார். மாத்திரை யாரிடம் கொடுக்கப்படுகிறது, அது அம்மாவின் கைக்குப் போகிறதா என்று விசாரியுங்கள்.

ஆண்களுக்கான ஆபத்துகள் வேறு. மருந்து தெளிப்பது, மூட்டை தூக்குவது, இரவில் மோட்டார் போடப் போவது, சாகுபடிக் கடன். முதல் மூன்றையும் ஆள் வைத்துக் குறைக்கலாம். கடன்தான் தூக்கத்தைக் கெடுக்கும். அது இருக்கும்வரை உழைப்பு மனதுக்கு நல்லதா என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. விருப்பத்தின் பேரில் உழைப்பதும் வேறு வழியில்லாமல் உழைப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், மனநலத்தில் அவை விளைவிக்கும் வேறுபாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது என்பதே என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையை அவர்கள் விடுவதற்கு முன்னால் வேலை அவர்களை விடுவதும் நடக்கிறது. நடவுக்கூலி ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியபின், மெதுவாக நடும் கை கூட்டத்துக்கு நட்டம். வரப்போரத்தை விட்டுக்கொடுத்த அதே பெண்கள் ஒரு நாள், “நாளைக்கு வர வேணாம் அத்தை” என்கிறார்கள். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் முதலில் கழிக்கப்பட்டது வயதான பெண்களே. இயந்திரம் ஓட்டும் வேலை இளம் ஆண்களிடம் போயிற்று. அந்தப் பெண்களை நான் விசாரித்தபோது ஒருவர்கூட ஓய்வு கிடைத்ததாகச் சொல்லவில்லை. கூப்பிடவில்லை என்றார்கள்.

ஆகவே, நீங்கள் என்ன செய்யலாம்? அப்பாவிடம் சாகுபடியை விடச் சொல்லாதீர்கள். மருந்தடிப்பு, மூட்டை, இரவு மோட்டார் ஆகிய மூன்றை மட்டும் விடச் சொல்லுங்கள். அதற்கான ஆள்கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த ரகம் விதைப்பது, எப்போது அறுப்பது என்ற முடிவு அவரிடமே இருக்கட்டும். குத்தகைப் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுங்கள்.

அம்மாவிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையில் எது வேண்டாம், எது வேண்டும்? அப்பா பக்கத்தில் இல்லாதபோது கேட்பது நல்லது. முழங்கால் தாங்கவில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தை விட முடியவில்லை என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் நடவை விட்டுவிட்டு, களைக்கோ உளுந்து பறிக்கவோ அரை நாள் போகலாம். இரண்டு ஆடு வளர்க்கலாம். கொல்லையில் காய்கறி போட்டுச் சந்தைக்கு அனுப்பலாம். சர்க்கரை இருந்தால் சேற்றில் இறங்கும் வேலை கண்டிப்பாக வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டாயிரத்தைப் பிரித்து, அவர் கூலிக்கு ஈடாக ஒரு தொகையை அவர் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். கூடவே, அவர் வீட்டில் இருக்கப்போகிறார் என்பதை வைத்து உங்கள் குழந்தையை ஊரில் கொண்டுவந்து விடும் யோசனை உங்களுக்கு இருந்தால் அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். பேரக்குழந்தை மகிழ்ச்சிதான், மூன்று வயதுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுதும் ஓடுவது நடவைவிடக் குறைந்த வேலை என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இந்தப் பேச்சை ஜூன் மாதத்துக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். நாற்றங்கால் விட்டுவிட்டால் உங்கள் அப்பா எதையும் காதில் வாங்க மாட்டார்; அம்மாவுக்கோ உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது.